அறுதி உறுதி எழுதிய வீடு: கொழும்பில் வாடகை, வாங்கல், இழப்பு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கொட்டாஞ்சேனையில் நான்கு பேர்ச்சஸ் காணி, அதில் ஓடு போட்ட பழைய வீடு. 2001இல் ஒரு குடும்பம் அதை வாங்கியது. 2006இல் ஆறு லட்சம் ரூபாய் கடனுக்காக அதே வீட்டை இன்னொருவர் பெயருக்கு அறுதி உறுதியாக, அதாவது நிபந்தனை இல்லாத விற்பனைப் பத்திரமாக, எழுதிக் கொடுத்தது. வழக்கு முடிய 2017 ஆகிவிட்டது. இதற்குள் வாடகை, வாங்கல், கடன், வெளியேற்றம் என்று வீடு பற்றி மக்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய எல்லாமே அடங்கிவிடுகின்றன.

தொடக்கத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது தனி ஒரு குடும்பத்தின் வரலாறு அல்ல. கொழும்புத் தமிழர்களின் வீட்டு வழக்குகளில் திரும்பத் திரும்ப வரும் முடிச்சுகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்து எழுதிய மாதிரி நிகழ்வு. தொகைகள் மாதிரிக்கானவை, சட்டங்கள் உள்ளபடியே தரப்பட்டிருக்கின்றன.

வெள்ளவத்தை அனெக்ஸ்

1995 ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணக் குடாநாடு இடம்பெயர்ந்தபோது புறப்பட்ட குடும்பம் இது. வன்னியில் சில மாதங்கள், பிறகு வவுனியா, பிறகு கொழும்பு. கணவருக்குப் புறக்கோட்டையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு வேலை கிடைத்தது. வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இரண்டு அறை அனெக்ஸ் எடுத்தார்கள். ஒரு வருட வாடகை முற்பணம். வீட்டுக்காரர் தமிழர்தான்; ஆனாலும் வடக்கிலிருந்து வந்தவர்களுக்கு வீடு கொடுத்தால் பொலிஸில் பதிய வேண்டும், இரவில் சோதனை வரும் என்ற தொல்லைக்கும் சேர்த்தே அந்த முற்பணம் என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு. தாளில் எழுதி, முத்திரை ஒட்டி, இருவரும் கையெழுத்திட்டார்கள். உறுதிகளை எழுதிச் சான்றுபடுத்தும் நொத்தாரிசிடம் போகவில்லை. பலரும் கேட்கும் முதற் கேள்வி இங்கேதான் எழுகிறது: "எழுதிக் கையெழுத்து வைத்தோமே, அது செல்லாதா?" 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் 2ஆம் பிரிவு இதற்கு நேராகவே விடை சொல்கிறது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எந்தக் குத்தகையும் பிரசித்த நொத்தாரிசு ஒருவர் முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். இல்லாவிட்டால் அது சட்டத்தின் கண்ணில் இரண்டு வருடக் குத்தகை அல்ல. வாடகை கொடுத்துக் குடியிருப்பதால் மாதாந்த வாடகைக்காரர் என்ற நிலை மட்டும் மிஞ்சும்.

ஐந்து வருடம் பிரச்சினை இல்லை. பிறகு வீட்டுக்காரர் காணியை அடுக்குமாடி கட்டுபவருக்கு விற்றுவிட்டு அவுஸ்திரேலியா போய்விட்டார். வாங்கியவர் ஒரு மாத அறிவித்தல் அனுப்பினார். விற்றால் வாடகைக்காரர் உடனே எழும்பத்தான் வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டியதில்லை. நமது பொதுச் சட்டமான உரோம-டச்சுச் சட்டத்தில் குத்தகை விற்பனைக்கு முந்தியது. வாங்கியவர் பழைய வீட்டுக்காரரின் இடத்தில் வந்து நிற்கிறார். ஆனால் அவர் தாங்க வேண்டியது நீங்கள் வைத்திருந்த அதே குத்தகையைத்தான். மாத வாடகை என்றால் ஒரு மாத அறிவித்தல் போதும்.

1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் காப்பாற்றாதா என்றால், அது எல்லா வீட்டுக்கும் பொருந்தும் சட்டம் அல்ல. வீட்டின் ஆண்டுப் பெறுமதி, கட்டிய காலம், வாடகைக்குக் கொடுத்த காலம் எல்லாம் பார்க்க வேண்டும். 2002ஆம் ஆண்டின் திருத்தத்துக்குப் பின் தொடங்கிய வாடகைகளை அது பெரும்பாலும் தொடாது. கொழும்பில் ஐம்பது வருடம் ஒரே வீட்டில் சொற்ப வாடகைக்கு இருக்கும் குடும்பங்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்கள் வேறு காலத்து வாடகைக்காரர்கள். இப்போது காற்று வீட்டுக்காரர் பக்கம் வீசுகிறது. நொத்தாரிசு எழுதிய குத்தகை முடிந்தும் எழும்பாதவரை விரைவாக எழுப்புவதற்கென்றே 2023இன் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது.

முற்பணத்தின் மிச்சத்தை யார் திருப்பித் தருவது என்று தாளில் ஒரு வரியும் இல்லை. பாதி போயிற்று. மீதிப் பாதியும் வந்ததற்குக் காரணம் சட்டமல்ல, ஊர்க்காரர் ஒருவர் மெல்பேர்னுக்கு எடுத்த தொலைபேசி அழைப்பு.

வாங்கியபோது விட்டது

இனி வாடகை வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். ரொறொன்ரோவில் இருந்த மனைவியின் தம்பி பாதிப் பணம் அனுப்பினார். அடுக்குமாடியில் ஒரு வீடு எடுக்கலாம் என்றுதான் முதலில் பார்த்தார்கள். தரகர் காட்டிய கட்டடத்துக்கு அடுக்குமனைத் திட்டப்படம் இன்னும் பதியப்படவில்லை. 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க அடுக்குமனை உடைமைச் சட்டத்தின்படி அந்தப் படம் பதிந்த பிறகுதான் தனித்தனி வீட்டுக்கு உறுதி எழுதலாம். அதுவரை கையில் இருப்பது கட்டியவரின் கடிதம் மட்டுமே. மனைவி வேண்டாம் என்றார். இந்த முழுக் கதையிலும் ஆகச் சரியான முடிவு அது.

கொட்டாஞ்சேனை வீட்டுக்கு எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. சட்டத்தரணி காணிப் பதிவகத்தில் முப்பது வருடப் பதிவுகளைத் தேடினார். நில அளவையாளர் புதுப்படம் வரைந்தார். மாநகர சபையில் வீதிக் கோட்டுச் சான்றும் எடுத்தார்கள். விலை இருபது லட்சம். உறுதியில் எழுதியது பன்னிரண்டு லட்சம்.

ஏன் என்றால் முத்திரைத் தீர்வை. காணி கைமாறும்போது முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், அதற்கு மேல் 4 வீதம். இருபது லட்சத்துக்கு 79,000 ரூபாய்; பன்னிரண்டுக்கு 47,000. மிச்சம் 32,000. கொழும்பில் இதைத் தப்பு என்று நினைப்பவர்களே குறைவு. விற்பவர், வாங்குபவர், தரகர் மூவரும் ஒரே குரலில் "எல்லோரும் இப்படித்தான்" என்பார்கள். அந்த 32,000 ரூபாய் பின்னால் எவ்வளவாகத் திரும்பி வந்தது என்பதைப் பார்க்கலாம்.

உறுதி மனைவி பெயரில். இவர்கள் யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்டவர்கள். திருமண காலத்தில் தேடிய சொத்து ஆகையால் தேடியதேட்டம், கணவனுக்கும் அதில் பாதி உண்டு. அதோடு 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, தன் பெயரில் உள்ள அசையாச் சொத்தையும் மனைவி கணவனின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் கைமாற்ற முடியாது. சொத்து கொழும்பில் இருந்தாலும் இதே விதிதான். கணவனுக்கு மனைவியின் சம்மதம் தேவை என்று அந்தச் சட்டம் எங்கும் சொல்லவில்லை.  2006இல் வீட்டை எழுதிக் கொடுத்தபோது கணவரும் சேர்ந்தே கையெழுத்திட்டதால், சம்மதம் இல்லை என்று அந்த உறுதியை எதிர்க்கும் வாசல் அடைபட்டது.

"ஈடு வேண்டாம் அக்கா"

2006இல் மகனை லண்டனுக்குப் படிக்க அனுப்ப ஆறு லட்சம் தேவைப்பட்டது. வங்கி சம்பளச் சான்று கேட்டது. கடைக் கணக்கருக்கு அப்படி ஒன்று இல்லை. தெரிந்தவர் ஒருவர் வட்டிக்குக் கொடுப்பவரிடம் கூட்டிப் போனார். மாதம் நூற்றுக்கு ஐந்து.

"ஈட்டு உறுதி எழுதலாம்தானே தம்பி?" என்று மனைவி கேட்டிருக்கிறார்.

"ஈடு வேண்டாம் அக்கா, அது வீண் இழுபறி. என் பெயருக்கு எழுதி வையுங்கள். காசைக் கட்டிய அன்றே திருப்பி எழுதித் தருகிறேன். என்னில் நம்பிக்கை இல்லையா?"

இழுபறி என்று அவர் சொன்னது உண்மைதான், அவருக்கு இழுபறி. ஈடு பிடித்தவர் கடன் வராவிட்டால் நீதிமன்றம் போய், ஈட்டு வழக்கில் தீர்ப்புப் பெற்று, வீட்டை ஏலத்தில் விற்று, தன் கடனை எடுத்துக்கொண்டு மிச்சத்தை உரிமையாளரிடம் கொடுக்க வேண்டும். அறுதி உறுதி வாங்கியவர் எதுவும் செய்ய வேண்டாம். வீடு அன்றே அவருடையது.

இரண்டுக்கும் நடுவே நிபந்தனை உறுதி என்று ஒன்று உண்டு. குறித்த காலத்துக்குள் பணம் கொடுத்தால் திருப்பி எழுதிக் கொடுப்பதாக உறுதியிலேயே எழுதியிருக்கும். ஈடு போலத்தானே என்று பலர் நம்பிவிடுகிறார்கள். தவணை முடிந்து ஒரு வாரம் கழித்துப் பணத்தோடு போனவர்கள் வீட்டை இழந்திருக்கிறார்கள்; அந்தக் காலக்கெடுவை நீதிமன்றங்கள் கண்டிப்பாகவே பார்க்கின்றன. இந்தக் குடும்பத்துக்கு அதுவும் வாய்க்கவில்லை. அவர்கள் எழுதியது நிபந்தனை எதுவும் இல்லாத அறுதி உறுதி. திருப்பித் தருவேன் என்பது வாய்ச்சொல்.

உறுதி ஆங்கிலத்தில் இருந்தது. விளக்கிச் சொல்லப்பட்டது என்று கடைசிப் பக்கத்து நொத்தாரிசுச் சான்று கூறுகிறது. விலை என்று எழுதப்பட்டிருந்தது பன்னிரண்டு லட்சம், பழைய உறுதியில் இருந்த அதே தொகை. முத்திரைத் தீர்வையும் நொத்தாரிசுக் கட்டணமும் முதல் மாத வட்டியும் ஆறு லட்சத்திலிருந்தே கழிக்கப்பட்டன. கையில் வந்தது ஐந்து லட்சத்துக்குச் சற்று மேல்.

வங்கியே மேல் என்று இதைப் படிப்பவருக்குத் தோன்றும். பெரும்பாலும் அப்படித்தான், ஆனால் வங்கிக்கும் ஒரு குறுக்குவழி உண்டு. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தின்படி, ஈடு வைத்த சொத்தை வங்கி நீதிமன்றம் போகாமல் தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தைக் கொண்டே ஏலம் விடலாம். 2011ஆம் ஆண்டின் திருத்தம் ஐம்பது லட்சம் ரூபாய்க்குக் குறைந்த கடன்களை அந்த வழியிலிருந்து விலக்கியது. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியபோது, மாறும் வட்டிக்கு வீட்டுக்கடன் எடுத்தவர்கள் பட்ட பாடு தனியே எழுத வேண்டியது.

பூட்டு

முதல் வருடம் மாதாமாதம் 30,000 போனது. லண்டனிலிருந்து மகன் அனுப்பியதைச் சேர்த்துக் கடன் முதலில் இரண்டு லட்சத்தைக் கட்டிக் குறைத்தார்கள், அதன்பின் மாத வட்டி 20,000. பற்றுச்சீட்டு எதுவும் இல்லை. வட்டி வாங்க வரும் ஆள் ஒரு நாற்பது பக்கக் கொப்பியில் திகதியும் தொகையும் எழுதிச் சுருக்கொப்பம் வைப்பார். அந்தக் கொப்பியைச் சாமித்தட்டில் வைக்க வேண்டும் என்று மனைவி ஒரு பழக்கமாகவே கொண்டிருந்தார்.

2008இல் கடை மூடப்பட்டது. பணம் நின்றது. அடுத்த வருடம் ஆடிவேல் பார்க்கக் குடும்பம் போயிருந்த மாலையில் முன் படலையில் புதுப்பூட்டுத் தொங்கியது. உள்ளே இரண்டு பேர் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள்.

இந்த இடத்தில் பலர் செய்யும் பிழை, உறவினர் வீட்டுக்குப் போய் நாள் பார்த்துச் சட்டத்தரணியைத் தேடுவது. இவர்கள் அன்றிரவே கொட்டாஞ்சேனைப் பொலிஸுக்குப் போனார்கள். 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவில், அமைதிக் குலைவு ஏற்படக்கூடிய காணிப் பிணக்கைப் பொலிஸ் நீதிமன்றத்தில் வைக்கலாம்; பொலிஸ் செய்யாவிட்டால் பாதிக்கப்பட்டவரே சத்தியக் கடதாசியோடு போகலாம். இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை மீண்டும் உள்ளே விடும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். இரண்டு மாதம் கடந்துவிட்டால் இந்த வாசல் மூடிக்கொள்ளும். வீடு யாருடையது என்று அந்த நீதிமன்றம் தீர்ப்பதில்லை. யார் குடியிருந்தார்கள், யார் பலவந்தமாக நுழைந்தார்கள் என்பது மட்டுமே அதன் கேள்வி. உறுதி யார் பெயரில் இருந்தாலும், ஆளைத் தூக்கி வீதியில் போட உறுதிக்காரருக்கு அதிகாரம் இல்லை. மின்சாரத்தையோ தண்ணீரையோ வெட்டி எழுப்பப் பார்க்கும் வீட்டுக்காரர்களுக்கும் இதையே நினைவூட்டலாம்.

குடும்பம் மீண்டும் உள்ளே போனது. கடன் கொடுத்தவர் இப்போது முறையாக வந்தார்: வீடு என்னுடையது, இவர்களை எழுப்பித் தாருங்கள் என்று புதுக்கடையிலுள்ள கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு.

புதுக்கடையில்

குடும்பத்தின் சட்டத்தரணி பற்றிக்கொண்டது 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு. ஒருவர் சொத்தை எழுதிக் கொடுத்திருந்தாலும், சூழ்நிலைகளைப் பார்க்கையில் அதன் பயனுரிமையை, அதாவது அதை அனுபவிக்கும் உரிமையை, விட்டுக்கொடுக்க அவர் கருதினார் என்று நியாயமாக முடிவுசெய்ய முடியாவிட்டால், வாங்கியவர் அதைப் பழைய உரிமையாளருக்காகவே வைத்திருக்கிறார் என்று கொள்ளப்படும். அறுதி உறுதிக்கு எதிராக வாய்மொழிச் சான்றும் இங்கே எடுபடும். முதல் வேலையாக எதிர்க்கோரிக்கையைத் தாக்கல் செய்து, வழக்கு நிலுவையில் இருப்பதைக் காணிப் பதிவகத்தில் பதிந்தார். இது முக்கியம். ஒன்றும் அறியாமல் பணம் கொடுத்து வாங்கும் மூன்றாம் ஆளின் கைக்கு வீடு போய்விட்டால் 83ஆம் பிரிவு அங்கே எட்டாது.

சூழ்நிலைகள் என்றால் எவை? எழுதிக் கொடுத்தவரே தொடர்ந்து குடியிருந்தாரா, உறுதிச் செலவை யார் கொடுத்தார், விலை பெறுமதிக்குப் பொருந்துகிறதா, வரியை யார் கட்டினார். எல்லாம் சின்னச் சின்னத் தாள்களின் வேலை.

மாநகர சபைக்கு வீட்டுக்காகக் கட்டும் சோலை வரியின் பற்றுச்சீட்டுகள் 2006க்குப் பின்னும் மனைவி பெயரிலேயே இருந்தன. கடன் கொடுத்தவர் மாநகர சபை இடாப்பில் பெயர் மாற்றவே இல்லை. உண்மையாக வீடு வாங்கியவர் முதலில் செய்யும் காரியம் அது. மின்சார, தண்ணீர்ப் பட்டியல்களும் அப்படியே.

எவரும் எதிர்பாராதது பொலிஸ் பதிவுப் படிவம். 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழரைப் பேருந்துகளில் ஏற்றி வவுனியாவுக்கு அனுப்பினார்கள். மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த வாரங்களில் வீட்டிலிருந்த ஒவ்வொருவரின் பெயரையும் பதிந்து பிரதியைக் கையில் வைத்திருப்பது கட்டாயம் போலாகிவிட்டது. கணவர் எழுதிக் கொடுத்த படிவத்தில் "சொந்த வீடு" என்று இருந்தது, அறுதி உறுதி எழுதி ஒரு வருடத்துக்குப் பின். பொலிஸ் முத்திரையோடு.

வழக்காளியின் வாதம் கெட்டித்தனமானது. மாதாமாதம் வாங்கியது வட்டியல்ல, வாடகை என்றார். இங்கேதான் கொப்பி பேசியது. முப்பதாயிரம், முப்பதாயிரம், முப்பதாயிரம். பிறகு ஒரு வரியில் இரண்டு லட்சம். அடுத்த மாதம் முதல் இருபதாயிரம். ஆறு லட்சத்துக்கு ஐந்து வீதம் முப்பதாயிரம், நான்கு லட்சத்துக்கு இருபதாயிரம். கொழும்பில் ஏறிய வாடகை இறங்கிய கதை ஒன்று உண்டா என்று சட்டத்தரணி கேட்டார். அதே ஒழுங்கையில் அப்போது வீட்டு வாடகை பத்தாயிரத்தைத் தாண்டவில்லை என்பதை அயலவர் ஒருவர் சாட்சி சொன்னார்.

இடறியது விலையில். 2001இல் பன்னிரண்டு லட்சத்துக்கு வாங்கிய வீட்டைப் பன்னிரண்டுக்கே விற்றிருக்கிறார்கள், இதில் என்ன குறை என்று எதிர்த்தரப்புக் கேட்டது. உண்மை விலை இருபது என்று சொல்ல வேண்டுமானால், முத்திரைத் தீர்வையை ஏமாற்றினேன் என்று சாட்சிக் கூண்டில் நின்று மனைவியே சொல்ல வேண்டும். சொன்னார். அதன்பின் அவருடைய வேறு எந்தச் சொல்லை எடுத்தாலும் "ஒரு உறுதியில் பொய் எழுதியவர்தானே" என்று குறுக்கு விசாரணை திரும்பியது. 2006இல் வீட்டின் பெறுமதி முப்பத்தைந்து லட்சம் என்று மதிப்பீட்டாளரை வைத்து நிறுவிய பிறகே அந்தக் கேள்வி அடங்கியது. மதிப்பீட்டுக்கும் கூடுதல் தவணைகளுக்கும் போன செலவு அன்று மிச்சம் பிடித்த 32,000ஐப் போலப் பலமடங்கு.

தீர்ப்புக் குடும்பத்தின் பக்கம் வந்தது: மிச்ச முதல் நான்கு லட்சத்தையும் சட்ட வட்டியையும் கொடுத்தால் வீட்டைத் திருப்பி எழுதிக் கொடுக்க வேண்டும். வழக்காளி குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றத்துக்குப் போனார்.

தீர்வு

மேன்முறையீடு இன்னும் சில வருடம் இழுக்கும் என்று தெரிந்தது. கணவருக்கு எழுபது நெருங்கிவிட்டது. மகன் லண்டனில் குடும்பமாகிவிட்டான். பக்கத்துக் காணிகளைச் சேர்த்துக்கொண்டிருந்த கட்டடக்காரர் ஒருவர் ஒரு கோடியே இருபது லட்சம் தருவதாகச் சொன்னார். தரப்புகள் இணங்கின. கடன் கொடுத்தவருக்குப் பதினாறு லட்சம். அவர் முதலில் மனைவி பெயருக்குத் திருப்பி எழுத வேண்டும். அதன்பின் மனைவி விற்பார். வென்ற வழக்கில் வீடு மிஞ்சவில்லை, ஆனால் அதன் பெறுமதி பெரும்பாலும் மிஞ்சியது. ரொறொன்ரோத் தம்பிக்குப் பழைய கணக்கைத் தீர்த்துவிட்டு, வத்தளைப் பக்கம் பதிவான திட்டப்படம் உள்ள அடுக்குமாடியில் ஒரு வீடு வாங்கினார்கள்.

கடைசி இழுபறி திருப்பி எழுதும் உறுதியில் வந்தது. இம்முறை பெறுமதியைக் குறைத்து எழுத மனைவி ஒப்பவில்லை. ஒரு கோடியே இருபது லட்சத்துக்கு முத்திரைத் தீர்வை 4,79,000 ரூபாய். அதை யார் கட்டுவது என்பதில் தீர்வு மூன்று தவணை தள்ளிப்போய், பாதிப் பாதியாக முடிந்தது.